இரண்டு நாளில் வளர்ந்த செடி

1959 டிசம்பர். ஹாலிவுட்டில் ஒரு வாடகை ஸ்டுடியோவில், வேறொரு படத்துக்காகப் போட்ட செட் பிரிக்கப்படாமல் நின்றிருந்தது. அதைக் கலைப்பதற்குள் ஒரு முழுப் படத்தை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார் இயக்குநர் ரோஜர் கோர்மன். அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. புத்தாண்டு பிறந்தால் நடிகர் ஊதிய விதிகள் மாறும். ஒரே சம்பளத்தோடு கணக்கை முடிக்க முடியாமல், மறுவெளியீடுகளுக்கும் பணம் தரவேண்டி வரும். நடிகர்களை ஒரு வாரத்துக்குப் பேசினார். மூன்று நாள் ஒத்திகை, இரண்டு நாள் படப்பிடிப்பு. சுமார் 30,000 டாலரில் ‘தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’ முடிந்தது.

கதை சார்லஸ் கிரிஃபித்துடையது. வாடிக்கையாளர்களையே சமைத்துப் போடும் சமையல்காரன் கதையை முன்பு கோர்மனிடம் சொன்னார். தணிக்கை விடாது என்று அது கழிந்தது. அப்படியானால் மனிதரைத் தின்னும் செடி? அதற்குள் இருவருக்கும் நன்றாகப் போதை ஏறியிருந்தது என்று பின்னாளில் கிரிஃபித் சொன்னார். பூக்கடையில் எடுபிடி வேலை பார்க்கும் அப்பாவி சீமோர் வளர்க்கும் செடி, முதலில் சில சொட்டு ரத்தம் கேட்கிறது. பிறகு முழு ஆளையே கேட்கிறது. பசியில் கத்தும் அந்தச் செடியின் குரலும் கிரிஃபித்தே.

வெளிப்புறக் காட்சிகளைக் கிரிஃபித்தும், கடை முதலாளியாக நடித்த மெல் வெல்ஸும் இரவில் தனியே போய் எடுத்தார்கள். தெருவோரக் குடிகாரர்கள் தலைக்குப் பத்து சென்ட் வாங்கிக்கொண்டு கூட்டத்தில் நின்றார்கள். ரயில்வே யார்டு ஓர் இரவு முழுக்க இரண்டு ஸ்காட்ச் பாட்டில்களுக்குக் கிடைத்தது. ஒருவர் மேல் ரயில் ஏறவேண்டுமே? எஞ்சினை அவரிடமிருந்து பின்னோக்கி ஓட்டவைத்து, அந்தப் படச்சுருளைத் தலைகீழாக அச்சிட்டார்கள். வெளிப்புறச் செலவு மொத்தம் சுமார் 1,100 டாலர்.

வலியை ரசிக்கும் பல் நோயாளியாகச் சில நிமிடமே வருகிறார் அன்று யாருக்கும் தெரியாத ஜாக் நிகல்சன். போலிப் பல் வைத்தியனாகச் சீமோர் அவர் மார்பில் ஏறி உட்கார்ந்து பல் பிடுங்குகிறான். அப்போது சீமோராக நடித்த ஜொனாதன் ஹேஸின் கால் பட்டு, வாடகைக்கு எடுத்த பல் மருத்துவ எந்திரம் சரியத் தொடங்கியது. கோர்மன் ‘கட்’ கூடச் சொல்லாமல் பாய்ந்து எந்திரத்தைப் பிடித்தார். அதோடு அந்தக் காட்சி முடிந்தது, அடுத்த செட்டுக்குப் போகலாம் என்றார். நிகல்சனே சொன்ன கதை இது. காட்சியின் முடிவு கடைசிவரை எடுக்கப்படவே இல்லை.

1960இல் வெளியான படத்துக்குப் பெரிய ஆதாயம் எதையும் கோர்மன் எதிர்பார்க்கவில்லை. அதனால் பதிப்புரிமையைப் பதிவுசெய்யவும் மெனக்கெடவில்லை. பைசாவைக் கூடக் கணக்குப் பார்த்தவர், பெரும்பணத்தை அங்கேதான் விட்டார். ஆனால் படத்துக்கு ஆயுள் தந்தது அந்த அலட்சியமே. உரிமைத்தொகை கேட்க ஆளில்லாததால் தொலைக்காட்சி நிலையங்கள் நள்ளிரவில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டன. வீடியோ காலம் வந்ததும் யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்து விற்றார்கள், அட்டையில் நிகல்சனின் முகத்தைப் பெரிதாகப் போட்டு.

1982இல் ஹோவர்ட் ஆஷ்மனும் ஆலன் மென்கனும் நியூயார்க்கில் அதை இசை நாடகமாக்கினார்கள். ஆர்ஃபியம் அரங்கில் மட்டும் 2,209 காட்சிகள். 1986இல் ஃபிராங்க் ஓஸ் அந்த நாடகத்தைப் படமாக்கியபோது செலவு சுமார் 2.5 கோடி டாலர், கோர்மனுடையதைப்போல் எண்ணூறு மடங்கு. அதில் ஒரு வேடிக்கை. மூலப் படத்தில் சீமோரைச் செடி விழுங்கிவிடும். கடைசி மொட்டு விரியும்போது அவன் முகம் தெரியும். ஓஸும் நாயகனையும் நாயகியையும் செடிக்கு இரையாக்கி, பெரும் செலவில் நகரத்தையே அழித்துக் காட்டினார். முன்னோட்டக் காட்சி பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். காதலர்கள் பிழைக்கும்படி முடிவை மறுபடி எடுக்கவேண்டியதாயிற்று. கோர்மனுக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை. ஓஸின் முதல் முடிவு முழுமையாக வெளியே வர 2012 ஆனது.