கீரிக்கு எப்படிப் பிள்ளைப் பட்டம் கிடைத்தது?

லண்டனில் இருக்கும் என் அக்கா மகன் போன மாசம் ஒரு ராத்திரி போன் பண்ணினான். "மாமா, நம்ம வீட்ல கீரி வளர்த்தீங்களாமே, அம்மா சொன்னாங்க. கடிக்கிறத எப்படி நிறுத்துனீங்க?"

விஷயம் இதுதான். அவன் ஒரு காப்பகத்திலிருந்து ஃபெர்ரெட் என்ற பிராணியைக் கொண்டுவந்திருக்கிறான். யாரும் கையால் தொட்டு வளர்க்காத பிராணி அது. கூண்டுக்குள் கையை விட்டால் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்கிறதாம். போட்டோ அனுப்பினான். நீள உடம்பு, குட்டைக் கால், கூர் மூஞ்சி. நம்ம ஊர்க் கீரிக்குத் தம்பி போலத்தான் இருக்கிறது. ஆனால் உறவு தூரம். கீரி பூனைப் பக்கத்துச் சொந்தம். ஃபெர்ரெட் நீர்நாய்ப் பக்கத்துச் சொந்தம்.

எங்க வீட்டில் இருந்தது ஒரு கீரி இல்லை, ரெண்டு. முதல் கீரி எங்க அப்பாயி வளர்த்தது. வேலி முள்ளை வெட்டி எடுக்கும்போது கண் திறந்தும் திறக்காமலும் கிடந்த குட்டி. பஞ்சுத் திரியில் பால் நனைத்துக் கொடுத்து, பகலெல்லாம் மடியிலேயே வைத்திருந்தாங்க. ஒரு மாசத்தில் அப்பாயி எங்க போனாலும் பின்னாலேயே ஓடும். நெல் குதிர்ப் பக்கம் ஒரு எலி தலைகாட்டாது. ஒன்றரை வருசம் இருந்தது. ஒருநாள் கொல்லைப் பக்கம் போனது திரும்பவில்லை. "சம்பந்தம் தேடிப் போயிட்டான்"னு அப்பாயி சொல்லிட்டாங்க.

ரெண்டாவது கீரியைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

அவன் கேட்ட கேள்வி என்னைப் புத்தகங்கள் பக்கம் தள்ளிவிட்டது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் இல்லாத 'பிள்ளை' கீரிக்கு எப்படி வந்தது? தொல்காப்பியத்தின் மரபியலில் எந்த உயிரின் இளசை என்னவென்று கூப்பிடலாம் என்று ஒரு கணக்கே இருக்கிறது. மூங்கா, வெருகு, எலி, அணில் இந்த நாலுக்கும் 'குட்டி' என்கிறது. மூங்கா என்றால் கீரி என்பது உரைகாரர்கள் சொல்வது. பிள்ளை என்ற சொல்லை அந்த நூல் பறப்பது, தவழ்வது என்று வேறு சில உயிர்களுக்குக் கொடுக்கிறது, மூங்காவுக்குக் கொடுக்கவில்லை. ஆக, கீரி பிள்ளையானது பின்னாடி. தெலுங்கில் முங்கிச, கன்னடத்தில் முங்குசி என்று இன்னமும் சொல்கிறார்கள். இங்கிலீஷ்காரர்களின் 'மங்கூஸ்' என்ற பெயரும் இந்தியாவிலிருந்து போனதுதான்.

பிள்ளை ஆன கதைக்கு நமக்குத் தெரிந்த பெரிய சாட்சி சிலப்பதிகாரம். அடைக்கலக் காதையில் மாடலன் என்ற மறையவன் கோவலன் செய்த நல்ல காரியங்களை அவனிடமே எடுத்துச் சொல்கிறான். அதில் ஒன்று, வளர்த்த கீரியைக் கொன்ற பார்ப்பனி கதை. தொட்டிலில் குழந்தை, பக்கத்தில் கீரி, உள்ளே வந்தது பாம்பு. கீரி பாம்பைக் கடித்துக் குதறிவிட்டு, வாயெல்லாம் ரத்தத்தோடு வாசலுக்கு வருகிறது. அவள் குழந்தையைத்தான் தின்றுவிட்டது என்று நினைத்து அதை அடித்துக் கொன்றுவிடுகிறாள். இவ்வளவும் நம்ம எல்லாருக்கும் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். இளங்கோ சொல்வது அதற்குப் பிறகு நடந்தது. புருசன் அவளை விட்டு வடக்கே போய்விடுகிறான். போகும்போது ஓர் ஏட்டை எழுதிக் கையில் கொடுக்கிறான். அந்த ஏட்டைத் தூக்கிக்கொண்டு அவள் பூம்புகார் வணிகர் தெருவில் அலைகிறாள். கோவலன் அவளைக் கூப்பிட்டு விசாரித்து, பாவம் தீரத் தானம் செய்யப் பொருள் கொடுத்து, புருசனையும் தேடிக்கொண்டுவந்து சேர்த்துவைக்கிறான்.

நான் இதில் கவனிப்பது வேறு. ஒரு கீரியைக் கொன்றதற்குப் பரிகாரம் தேட வேண்டியிருந்திருக்கிறது. அது வீட்டுப் பிள்ளைக் கணக்கில் இருந்ததால்தானே? எங்க ஊரில் ராஜேந்திர சோழன் கோயில் கட்டுவதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே காவிரிக் கரையில் இந்தக் கணக்கு இருந்திருக்கிறது.

இந்தக் கதை பஞ்சதந்திரத்திலும் உண்டு. அது அரபிக்குப் போய் கலீலா வ திம்னா ஆனபோது கீரி இருந்த இடத்தில் மரநாய் போன்ற ஒரு சின்னப் பிராணி வந்து உட்கார்ந்தது. அதாவது ஃபெர்ரெட்டின் பங்காளி. இன்னும் மேற்கே வேல்ஸ் நாட்டில் அதே கதையில் கெலர்ட் என்ற நாய், பாம்புக்குப் பதில் ஓநாய். அவங்கவங்க வீட்டில் எது நம்பிக்கையான பிராணியோ அதைப் போட்டுக்கொண்டார்கள். நம்ம வீட்டில் அது கீரி.

1563-ல் கோவாவில் கார்சியா த ஓர்த்தா என்ற போர்த்துகீசிய வைத்தியர் மருந்துச் செடிகளைப் பற்றி ஒரு புத்தகம் அச்சிட்டார். இலங்கையில் பாம்போடு சண்டை போடும் ஒரு பிராணி உண்டு, ஃபெர்ரெட் மாதிரி இருக்கும், அதற்குப் பெயர் 'கிர்ப்பெலே' என்று எழுதியிருக்கிறார். கீரிப்பிள்ளைதான் அப்படி அவர் காதில் விழுந்திருக்கிறது. கடித்தால் அது ஒரு பச்சிலையைத் தேடிப்போய்த் தின்னும் என்ற நம்பிக்கையும் பழசு. நம்ம ஊரில் கீரிப்பூண்டு என்று ஒரு செடியே உண்டு. உண்மையில் இலையில் ஒன்றும் இல்லை. நல்லபாம்பு விஷம் போய் ஒட்டிக்கொள்ளும் இடம் கீரியின் உடம்பில் கொஞ்சம் மாறி அமைந்திருக்கிறது, அதனால் தாங்குகிறது. அதற்கும் அளவு உண்டு. மிச்சமெல்லாம் அதன் வேகமும், சிலிர்த்து இரண்டு மடங்கு ஆகிவிடும் முடியும்தான்.

கயிற்றில் கட்டிய கீரியை என் வயசுக்காரங்க எல்லாரும் சந்தையில் பார்த்திருப்பீங்க. "இப்ப கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போறேன்" என்று சொல்லிக்கொண்டே தாயத்து விற்பார்கள். சண்டை மட்டும் நடக்காது. அந்தக் கீரி முளையைச் சுற்றிச் சுற்றி ஓடும். அது பழகின கீரி இல்லை, கட்டிப்போட்ட கீரி. இந்த வித்தியாசம் எனக்குப் புரிய எங்க வீட்டு ரெண்டாவது கீரி வர வேண்டியிருந்தது.

தொல்லியல் துறை மாளிகைமேட்டில் 1980-ல் தோண்ட ஆரம்பித்து அஞ்சாறு வருசம் ஆகியிருக்கும். சோழர் அரண்மனைச் செங்கல் கிடக்கும் அந்த மேடெல்லாம் கீரி வளை. எங்க கடலைக் கொல்லையில் வைத்த கண்ணியில் ஒரு முழு வளர்ந்த கடுவன் மாட்டிக்கொண்டது. அப்பாயியின் கீரியை நினைத்துக்கொண்டு அப்பா அதைக் கம்பிவலைக் கூண்டில் போட்டார். முட்டை வைத்தார், கறி வைத்தார், பட்டினியும் போட்டுப் பார்த்தார். கிட்டப் போனாலே உறுமிக்கொண்டு கம்பியைக் கடிக்கும். இருபது நாள் ஆச்சு. தூங்குதுன்னு நினைச்சு நான் விரலை உள்ளே விட்டேன். எலும்பு வரைக்கும் இறங்கிட்டுது. அந்தக் காலத்தில் வெறிநாய்க்கடி ஊசி தொப்புளைச் சுற்றிப் பதினாலு. (கீரி கடித்தாலும் அந்த ஊசி போட்டே ஆகணும். இப்ப கையில் நாலைந்தோடு முடிந்துவிடுகிறது.)

அப்பா அரிவாளை எடுத்தார். அப்பாயிதான் தடுத்து, "அதைப் புடிச்சவன் நீ, அது உன்னையா புடிச்சுது?" என்றாங்க. கூண்டைத் திறந்துவிட்டப்பதான் பார்த்தோம், கம்பியைக் கடித்துக் கடித்து முன்பல் ரெண்டு உடைந்திருந்தது. பல் போன கீரி எத்தனை நாள் பிழைக்கும்? அப்பா அதுக்கப்புறம் கண்ணி வைக்கவே இல்லை.

அதனால் அக்கா மகனிடம் சொன்னேன், "உன்னோடது வேற கதைடா தம்பி." ஐரோப்பாவில் முயல் வேட்டைக்கு ஃபெர்ரெட்டை வளைக்குள் விடுவது ரெண்டாயிரம் வருசப் பழக்கம். ரோமானிய எழுத்தாளர் பிளினி அதைக் குறித்திருக்கிறார். பலேரிக் தீவுக்காரர்கள் முயல் தொல்லை தாங்காமல் அகஸ்டஸ் மன்னரிடம் படையே கேட்டார்கள் என்றும் எழுதுகிறார். அத்தனை தலைமுறை மனுசன் கையில் பிறந்து வளர்ந்த சாதி அது. இந்த ஒன்றை யாரும் தொடவில்லை, அவ்வளவுதான். கீரிக்கு அப்படி ஒரு தலைமுறை கிடையாது. ஒவ்வொரு குட்டியும் முதலிலிருந்து ஆரம்பிக்கணும். எகிப்தில் கீரியைப் பதப்படுத்திப் புதைக்கும் அளவுக்குக் கொண்டாடினார்கள், அங்கேயும் அது வீட்டு விலங்காக மாறவில்லை.

செய்ய வேண்டியது அப்பாயி செய்ததுதான். போட்டுக் கழற்றிய சட்டையை அது தூங்கும் இடத்தில் போடு, வாசனை பழகட்டும். விரலால் ஊட்டாதே, கரண்டியில் மீன் எண்ணெய் கொடு. கடித்தால் அடிக்காதே. உடனே கீழேயும் விட்டுவிடாதே, கடித்தால் விட்டுவிடுவான் என்று கற்றுக்கொள்ளும். கொஞ்ச நேரம், ஆனால் தினமும்.

பழக்காத கீரியை வேலைக்கு அனுப்பிய கதையும் உண்டு. 1872-ல் எஸ்பியூட் என்ற கரும்புத் தோட்டக்காரர் எலி ஒழிக்கக் கல்கத்தாவிலிருந்து 9 கீரிகளை ஜமைக்காவுக்குக் கொண்டுபோனார். எலி குறைந்ததோ இல்லையோ, பறவையும் ஓணானும் குறைந்தன. ஜப்பானின் அமாமி தீவில் 1979 வாக்கில் பாம்புக்காக விட்டதை ஒழித்து முடித்தோம் என்று 2024-ல்தான் அறிவித்தார்கள். பாம்பு ராத்திரியில் வரும், கீரி பகலில் அலையும். நம்ம ஊர் ஆடு மேய்க்கிற பையனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான்.

இங்கே கதை தலைகீழ். ஓவியப் பிரஷ்ஷுக்காகக் கீரி முடி எடுக்கிறார்கள். ஒரு கீரியில் சில பத்து கிராம் தேறினால் அதிகம். 2019-ல் வனக்குற்றத் தடுப்புப் பிரிவு பல மாநிலங்களில் ஒரே சமயத்தில் சோதனை போட்டுப் பிரஷ்களைப் பிடித்தது. 1972 வனவிலங்குச் சட்டப்படி கீரியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். அப்பாயி இன்று இருந்திருந்தால் கேஸ்தான். முந்திரி சீசனில் எங்க ஊர்ப்பக்கம் ஒருத்தன் வந்தான், கீரி பிடித்துக் கொடுத்தால் காசு தருகிறேன் என்றான். டீக்கடையில் ரெண்டு மூணு பேர் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் என் விரல் தழும்பைக் காட்டி, பதினாலு ஊசிக் கதையைச் சொன்னேன். சட்டத்தைவிட அது வேலை செய்தது.

நேற்று அக்கா மகன் மறுபடி கூப்பிட்டான். ஃபெர்ரெட் அவன் பழைய பனியனுக்குள் தூங்குகிறதாம். கடி நிற்கவில்லை, ஆனால் ரத்தம் வருகிற அளவு இல்லையாம். நான் போன் பேசிக்கொண்டிருந்தபோது பொன்னேரிக் கரைப் பக்கமிருந்து ஒன்று வரப்பைத் தாண்டி, நின்று, என்னைப் பார்த்துவிட்டு முந்திரிச் சருகுக்குள் போனது. "என்ன மாமா சத்தம்?" என்றான். "ஒண்ணுமில்ல, பக்கத்துக் கொல்லைக்காரன் போறான்" என்றேன்.