லத்தீன் படித்தவர் போட்ட இரட்டைச்சுழி

காரியாபட்டியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டாலும் 'எரி' வேறு, 'ஏரி' வேறு என்று சட்டென்று சொல்லிவிடும். ஆனால் முந்நூறு வருடங்களுக்கு முன் ஓலைச்சுவடி படித்தவர்களுக்கு இந்த வசதி இல்லை! 'தென்', 'தேன்' இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். எது என்று இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் மேலே புள்ளி வைக்க வேண்டும் என்பது தொல்காப்பியர் சொன்ன விதி. ஆனால் ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. தமிழ் பேசி வளர்ந்தவருக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. புதிதாகத் தமிழ் கற்க வந்தவருக்குத்தான் திண்டாட்டம்.

அப்படி வந்தவர்தான் வீரமாமுனிவர். இத்தாலியில் 1680-ல் பிறந்த இவரது இயற்பெயர் கான்ஸ்டன்சோ பெஸ்கி. 1710-ல் இந்தியா வந்து, மதுரை மிஷனில் சேர்ந்தார். காரியாபட்டியிலிருந்து அருப்புக்கோட்டை வழியே தெற்கே போனால் வருவது எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரம். அங்குள்ள காமநாயக்கன்பட்டியில் அவர் பணி செய்திருக்கிறார்.

சரி, இதற்கும் லத்தீனுக்கும் என்ன சம்பந்தம்?

அன்றைய ஐரோப்பாவில் படிப்பு என்றாலே லத்தீன்தான். அதில் ஒரு விசித்திரம் உண்டு. 'வெனித்' என்றால் வருகிறான், 'வேனித்' என்றால் வந்தான். 'பொபுலுஸ்' என்றால் மக்கள், 'போபுலுஸ்' என்றால் ஒரு வகை மரம். ஆனால் லத்தீன் எழுத்தில் குறிலும் நெடிலும் ஒன்றே! ரோமர்கள் சில கல்வெட்டுகளில் மட்டும் நெடிலுக்கு மேல் ஒரு கோடு போட்டார்கள். மற்றபடி இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். நம் ஓலைச்சுவடியின் அதே கதை! லத்தீன் செய்யுளோ முழுக்க முழுக்கக் குறில் நெடில் கணக்கில் நடப்பது. அதில் பழகிய காது, தமிழில் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் இருக்குமா?

வீரமாமுனிவர் 1728-ல் பேச்சுத் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். புதிதாக வரும் பாதிரியார்களுக்கான நூல் என்பதால் லத்தீனில் எழுதினார். நெடிலைத் தனியே காட்டத் தாம் ஒரு வழி கண்டதாக அதில் சொல்கிறார். ஒற்றைக் கொம்பு குறிலுக்கு, மேலே சுழித்த கொம்பு நெடிலுக்கு. 'தே', 'தோ' என்று நாம் இன்று எழுதும் இரட்டைச்சுழி இப்படித்தான் வந்தது.

இந்த நூலை 1738-ல் தரங்கம்பாடி அச்சகம் வெளியிட்டது. அது லுத்தரன் சபையின் அச்சகம். வீரமாமுனிவரோ கத்தோலிக்கர். இரு தரப்புக்கும் கடுமையான சமயச் சண்டை இருந்த காலம் அது. தரங்கம்பாடியின் சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716-லேயே ஜெர்மனியின் ஹாலே நகரில் லத்தீனில் வந்திருந்தது. அப்படியும் எதிர்த்தரப்பின் புத்தகத்தை அச்சிட்டார்கள் என்றால், மொழி படிக்க நல்ல புத்தகம் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்!

லத்தீன் தெரிந்தவருக்குத் தமிழின் வேற்றுமை உருபுகள் புதிதல்ல. லத்தீனில் 'ரொஸ' என்றால் ரோஜா, 'ரொஸம்' என்றால் ரோஜாவை. ஆனால் பன்மையில் அது 'ரொஸாஸ்' என்று மாறிவிடும். தமிழிலோ ரோஜாவை, ரோஜாக்களை என்று இரண்டிலும் அதே 'ஐ' தான். லத்தீன் பெயர்ச்சொற்களில் இப்படி ஐந்து வகைகள், ஒவ்வொன்றுக்கும் தனி வாய்ப்பாடு. மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். 'கண்ணனை ராமன் பார்த்தான்' என்று சொற்களை மாற்றிப் போட்டாலும் பொருள் மாறாதது மட்டும் இரண்டு மொழிக்கும் பொது.

இன்றைய லத்தீன் பாடநூல்களில் மாணவர்களுக்காக நெடிலுக்கு மேல் ஒரு கோடு போடுகிறார்கள். தமிழ் மாணவர் ஒருவர் லத்தீன் படித்தால் அந்தக் கோடுகூடத் தேவையில்லை. நோட்டில் 'வெனித்', 'வேனித்' என்று தமிழிலேயே எழுதிக்கொள்ளலாம். லத்தீனில் எழுதிய ஒருவர் தமிழுக்குக் கொடுத்த சுழி, திரும்ப லத்தீன் படிக்கவே உதவுகிறது!

தாய்மொழிக்காரர் கண்ணில் படாத குறை, கற்க வந்தவர் கண்ணில் பட்டது. அதனால்தான் இன்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட 'தென்' எது, 'தேன்' எது என்ற குழப்பம் இல்லை.