குறிகை உட்செலுத்தி (வெற்றிடக் குழல்)

குறிகை உட்செலுத்தி என்பது பழுதடைந்த வானொலிப் பெட்டி, ஒலிப் பெருக்கி போன்ற மின்னணுக் கருவிகளில் பழுது எந்தப் படிநிலையில் உள்ளது என்பதைக் கண்டறிய உதவும் எளிய சோதனைக் கருவி ஆகும். பழுதுபார்ப்போரிடையே இது சிக்னல் இன்ஜெக்டர் என்றே வழங்கும். இக்கருவி தானே ஒரு குறிகையை உண்டாக்கி, அதனை ஆய்வு முனை ஒன்றின் வழியாகச் சுற்றின் வேண்டிய இடத்தில் செலுத்துகிறது. செலுத்திய குறிகை ஒலிபெருக்கியில் கேட்டால் அவ்விடத்திற்குப் பின்னுள்ள படிநிலைகள் குறிகையைக் கடத்துகின்றன என்று கொள்ளலாம். இரட்டை டிரையோடு வெற்றிடக் குழல் ஒன்றையும் சில மின்தடைகள், மின்தேக்கிகளையும் கொண்டு இதனை வீட்டிலேயே அமைக்க இயலும்.

பின்னணி

இக்கருவியின் உள்ளே இருப்பது பல்லதிர்வி எனப்படும் அலைவியற்றிச் சுற்று. இதனை முதலாம் உலகப் போரின்போது பிரான்சைச் சேர்ந்த இயற்பியலாளர்கள் ஆன்றி ஆபிரகாம், யூஜின் பிளாக் ஆகியோர் உருவாக்கி, 1919 இல் விரிவாக வெளியிட்டனர். அவர்களுடைய நோக்கம் பழுதுபார்த்தல் அன்று. உயர் அதிர்வெண்களை அளப்பதற்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. இச்சுற்று தரும் அலையில் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் நூற்றுக்கணக்கான மடங்குகளும் கலந்திருந்தன. அதனாலேயே பல்லதிர்வி என்னும் பொருள்படும் பெயரை அவர்கள் இட்டனர். இருவரும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் உயிரிழந்தனர்.

வானொலிப் பழுதுபார்ப்பில் குறிகையின் வழியைப் படிப்படியாகப் பின்தொடரும் முறையை அமெரிக்காவின் ஜான் ரைடர் 1939 இல் வெளியான தம் நூலில் விளக்கினார். அவர் முறையில் குறிகை ஆண்டெனாப் பக்கம் செலுத்தப்பட்டு, அடுத்தடுத்த இடங்களில் கருவி கொண்டு தேடப்படும். உட்செலுத்தி இதற்கு நேர்மாறானது. தேடும் கருவியாக வானொலியின் சொந்த ஒலிபெருக்கியே பயன்படுகிறது.

செயற்படும் தத்துவம்

பல்லதிர்வியில் இரண்டு டிரையோடுகள் ஒன்றன் தகட்டிலிருந்து மற்றதன் கிரிட்டிற்கு மின்தேக்கி வழியாக இணைக்கப்பட்டிருக்கும். ஒன்று கடத்தும்போது மற்றது முற்றிலும் அடைபட்டிருக்கும். அடைபட்ட குழலின் கிரிட்டில் உள்ள எதிர்மின்னூட்டம் மின்தடை வழியாக மெல்லக் கசிந்து, வெட்டு மின்னழுத்தத்தை அடைந்தவுடன் நிலைமை நொடியில் தலைகீழாகும். இவ்வாறு மாறி மாறி நிகழ்வதால் தகட்டில் சதுர அலையை ஒத்த அலை தோன்றும்.

முழுமையாகச் சமச்சீரான சதுர அலையில் ஒற்றைப்படை சீரிசைகள் மட்டுமே இருக்கும். இரு பாதிகளும் சிறிது வேறுபட்டால் இரட்டைப்படை சீரிசைகளும் சேரும். அடிப்படை அதிர்வெண் 1 கிலோ ஹெர்ட்ஸ் எனில், 455 ஆவது சீரிசை வானொலியின் வழக்கமான இடைநிலை அதிர்வெண்ணாகிய 455 கிலோ ஹெர்ட்ஸிலேயே விழும். அதன் அண்டைச் சீரிசைகளும் இடைநிலைப் பெருக்கியின் அலைவரிசைக்குள் நுழைந்து, பண்பிறக்கியில் ஒன்றோடொன்று கலந்து கேட்கக்கூடிய தொனியைத் தருகின்றன. மத்திய அலை நிலையங்கள் உள்ள பகுதியிலும் சீரிசைகள், வலு குறைந்தாலும், இருந்துகொண்டே இருக்கும். எனவே எதனையும் திருகி அதிர்வெண் மாற்றாமலேயே ஒரே கருவியால் ஒலிப் பகுதியையும் உயர் அதிர்வெண் பகுதியையும் சோதிக்க முடிகிறது.

சுற்று அமைப்பு

12ஏஎக்ஸ்7 குழல் இதற்கு ஏற்றது. ஐரோப்பாவில் இதன் பெயர் இசிசி83. இதன் 1, 6 ஆம் ஊசிகள் தகடுகள். 2, 7 கிரிட்டுகள். 3, 8 கேத்தோடுகள். 4, 5 ஆம் ஊசிகளை ஒன்றாக இணைத்து, அவற்றிற்கும் 9 ஆம் ஊசிக்கும் இடையே 6.3 வோல்ட் கொடுத்தால் சூடேற்றி இழை 0.3 ஆம்பியர் எடுக்கும்.

இரு தகடுகளுக்கும் 100 கிலோ ஓம் மின்தடைகள் வழியாக ஏறத்தாழ 150 வோல்ட் நேர்மின்னழுத்தம் தரப்படும். கேத்தோடுகள் நேராகச் சுற்றின் பொது முனையில் சேரும். ஒவ்வொரு கிரிட்டிலிருந்தும் 470 கிலோ ஓம் மின்தடை பொது முனைக்குச் செல்லும். குறுக்கு இணைப்பு மின்தேக்கிகள் இரண்டும் 270 பிக்கோ பாரட். இவ்வளவுகளில் அதிர்வெண் 1 கிலோ ஹெர்ட்ஸை ஒட்டி அமையும். குழலுக்குக் குழல் இது சற்று மாறும். காதுக்குக் கேட்டால் போதுமென்பதால் துல்லியம் தேவையில்லை.

ஒரு தகட்டிலிருந்து 10 நானோ பாரட் மின்தேக்கி வழியாக 100 கிலோ ஓம் மாறு மின்தடைக்கு அலை எடுத்துச் செல்லப்படும். அதன் நகரும் முனையிலிருந்து 1000 வோல்ட் தாங்கும் 1 நானோ பாரட் மின்தேக்கி வழியாக ஆய்வு முனைக்குச் செல்லும். இக்கடைசி மின்தேக்கியின் அளவைக் கூட்டலாகாது. காரணம் காப்பு பற்றிய பகுதியில் கூறப்பட்டுள்ளது. ஆய்வு முனைக்கான கம்பி குட்டையாக இருத்தல் நலம். நீளம் கூடினால் கம்பியின் மின்தேக்குதிறன் உயர் சீரிசைகளை விழுங்கிவிடும்.

மின்வழங்கிக்குத் தனித்த துணைச்சுருள்கள் கொண்ட சிறு மின்மாற்றி தேவை. 125 வோல்ட் 15 மில்லி ஆம்பியர் சுருளும் 6.3 வோல்ட் சுருளும் போதும். ஒரு டையோடு, 22 மைக்ரோ பாரட் மின்தேக்கிகள் இரண்டு, அவற்றிடையே 10 கிலோ ஓம் மின்தடை என்பன நேர்மின்னழுத்தத்தைச் சீராக்கும். மின்தேக்கிகள் 250 வோல்ட்டிற்குக் குறையாமல் தாங்க வேண்டும். வெளியீட்டின் குறுக்கே 220 கிலோ ஓம் மின்தடை ஒன்று நிலையாக இருத்தல் வேண்டும். இஃது இல்லையெனில் கருவியை நிறுத்திய பின்னும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கிவிடும். இருந்தாலும் மின்னூட்டம் வடிய ஒரு நிமிடம் ஆகும்.

பயன்படுத்தும் முறை

கருவியின் பொது முனைக் கவ்வியை வானொலியின் சேசியில் மாட்டிவிட்டு, சோதனையை ஒலிபெருக்கிப் பக்கமிருந்து தொடங்கி ஆண்டெனாவை நோக்கிச் செல்வது வழக்கம். முதலில் வெளியீட்டுக் குழலின் தகடு. இங்கு மிக மெல்லிய ஒலியே கேட்கும். உட்செலுத்தி சில ஆயிரம் ஓம் சுமையை இயக்கும் திறனுடையதன்று. இதனைப் பழுது என எண்ணிப் புதியவர்கள் வெளியீட்டு மின்மாற்றியைக் கழற்றிவிடுவதுண்டு. அடுத்து அதே குழலின் கிரிட்டில் வைத்தால் ஒலி தெளிவாகக் கூட வேண்டும். பின்னர் முதல் ஒலிப் பெருக்கிக் குழலின் தகடு, கிரிட், ஒலிக் கட்டுப்பாட்டின் முனை, இடைநிலைப் பெருக்கியின் தகடு, கிரிட், கலப்பியின் கிரிட் எனச் செல்லலாம்.

கிரிட்டுக்குக் கிரிட் முன்னேறும்போது ஒலி கூடிக்கொண்டே வர வேண்டும்; அதற்கேற்ப மாறு மின்தடையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒலி எங்கு நிற்கிறதோ, அவ்விடத்திற்கும் கடைசியாக ஒலித்த இடத்திற்கும் இடையில் பழுது உள்ளது. எடுத்துக்காட்டாக, வெளியீட்டுக் குழலின் கிரிட்டில் ஒலி கேட்டு, அதற்கு முந்திய குழலின் தகட்டில் கேட்கவில்லையெனில், இடையிலுள்ள இணைப்பு மின்தேக்கி அறுந்திருக்க வாய்ப்பு மிகுதி.

கருவியால் அறிய இயலாதவை

அதே இணைப்பு மின்தேக்கி அறுபடாமல் கசியத் தொடங்கினால் உட்செலுத்தி அதனைக் காட்டாது. குறிகை நன்றாகவே கடந்து செல்லும். ஆனால் வெளியீட்டுக் குழலின் கிரிட்டிற்கு நேர்மின்னழுத்தம் ஏறி, ஒலி திரிந்து, குழல் அளவுக்கு மீறிச் சூடாகும். மின்னழுத்தமானி கொண்டு கிரிட்டை அளந்தால்தான் இது தெரியவரும்.

இன்னும் ஏமாற்றக்கூடியது உள்ளக அலைவியற்றியின் பழுது. அலைவியற்றி நின்றுபோனால் வானொலியில் ஒரு நிலையமும் கிடைக்காது. ஆயினும் கலப்பியின் கிரிட்டில் உட்செலுத்தியை வைத்தால் ஒலி வரும். ஏனெனில் உட்செலுத்தியின் சீரிசைகளில் 455 கிலோ ஹெர்ட்ஸ் முன்னமே இருப்பதால், கலப்பி அதிர்வெண்ணை மாற்றாமலேயே அதனைப் பெருக்கி அனுப்பிவிடுகிறது. எல்லா இடத்திலும் ஒலி கேட்டும் நிலையங்கள் வராவிடில் அலைவியற்றியின் கிரிட்டில் எதிர்மின்னழுத்தம் உள்ளதா என அளந்து பார்த்தல் வேண்டும். இசைவுச் சுருள்களைச் சரிசெய்யவும் இக்கருவி உதவாது. அதற்கு ஒற்றை அதிர்வெண் தரும் குறிகை இயற்றியே தேவை.

காப்பு

வெற்றிடக் குழல் வானொலிகளில் மின்மாற்றி இல்லாத வகை ஒன்று உண்டு. அமெரிக்காவில் பரவலாயிருந்த ஐந்து குழல் பெட்டிகளும், ஐரோப்பாவில் யு வரிசைக் குழல்கள் கொண்ட பெட்டிகளும் இவ்வகையின. பலவற்றில் வீட்டு மின்சாரத்தின் ஒரு கம்பி நேராகச் சேசியில் சேரும். செருகியைத் திருப்பிச் செருகினால் சேசி முழுவதும் உயிர்க்கம்பியாகிவிடும். அதில் உட்செலுத்தியின் கவ்வியை மாட்டினால், உட்செலுத்தி நிலத்தொடுப்பு உடையதாயின் குறுக்குச்சுற்று ஏற்படும். நிலத்தொடுப்பு இல்லாததாயின் அதன் உலோகப் பெட்டியே 230 வோல்ட்டில் நிற்கும். இரண்டாவது நிலை உயிருக்கு ஆபத்தானது. இத்தகைய வானொலியைத் தனிமைப்படுத்தும் மின்மாற்றி வழியாக இயக்கிய பின்னரே கவ்வியை மாட்ட வேண்டும்.

ஆய்வு முனையின் மின்தேக்கி சிறிதாக இருக்க வேண்டியதற்கும் இதுவே காரணம். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 1 நானோ பாரட் வழியாக ஏறத்தாழ 0.07 மில்லி ஆம்பியர் மட்டுமே பாயும். 100 நானோ பாரட் இட்டால் அது 7 மில்லி ஆம்பியர் ஆகி, கடும் அதிர்ச்சி தரும். பழைய காகித மின்தேக்கிகள் கசியும் இயல்பின. இவ்விடத்தில் அவற்றைப் பயன்படுத்தலாகாது. தகடுகளைத் தொடும்போது ஒலிபெருக்கியில் எழும் "டக்" என்னும் ஓசை இம்மின்தேக்கி மின்னேற்றம் பெறுவதால் வருவது.

டிரான்சிஸ்டர் கருவிகளில் இக்கருவியைப் பயன்படுத்துவது உகந்ததன்று. இதன் வெளியீடு பல பத்து வோல்ட் அளவினது. சிலிக்கான் டிரான்சிஸ்டரின் அடிவாய் - உமிழ்வாய்ச் சந்தியோ எதிர்த்திசையில் 5 முதல் 7 வோல்ட் அளவிலேயே முறிந்துவிடும். அவற்றிற்கென ஒற்றை மின்கலத்தில் இயங்கும் பேனா வடிவ உட்செலுத்திகள் உள்ளன. அவையும் பெரும்பாலும் பல்லதிர்விகளே. இரு டிரையோடுகளின் இடத்தில் இரு டிரான்சிஸ்டர்கள் இருக்கும்.