ஆனையிறவும் வெகுமதி வேட்டையும்

பரந்தனிலிருந்து கண்டி வீதியில் வடக்கே சில மைல் சென்றால் ஆனையிறவு. போர்ச் செய்திகளில் இப்பெயரைப் பல தடவை எழுதியிருக்கிறேன். எனினும் இப்பெயரின் பழைய வரலாறு யானைகளுடையது. வன்னிக் காடுகளில் பிடிக்கப்பட்ட யானைகள் ஒல்லாந்தர் காலத்தில் இவ்வழியாக யாழ்ப்பாணம் கொண்டு செல்லப்பட்டு, இந்திய வணிகர்களுக்கு விற்கப்பட்டன. வன்னியர்கள் திறையாகச் செலுத்தியதும் யானைகளே.

ஆங்கிலேயர் ஆட்சியில், பயிரழிவைத் தடுக்கவென யானைகளைக் கொல்வோருக்கு அரசு வெகுமதி வழங்கியது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு வெகுமதி கொடுக்கப்பட்டதென அன்றைய குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் பதிவுசெய்துள்ளார்.

இது எவ்வாறு நடந்தது? அக்காலத் துப்பாக்கியால் தூரத்திலிருந்து யானையை வீழ்த்துவது அரிது. சில யார் தூரம்வரை ஓசையின்றி நெருங்க வேண்டும். யானையின் பார்வை கூர்மையன்று. மோப்பமும் செவியும் மிகக் கூர்மையானவை. எனவே எதிர்க்காற்றில், சருகு நொறுங்காமல் அடியெடுத்து வைப்பதே வேட்டையின் உயிர்நாடி. சுவட்டையும் ஒடிந்த கிளையையும் இலத்தியின் சூட்டையும் கொண்டு தடம் அறிவது, தலைமுறைகளாகக் காட்டில் வாழ்ந்தவர்களின் அறிவு.

இலங்கையில் வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் 1854இல் நூல் வெளியிட்டுப் புகழ்பெற்றார். தடம் காட்டியவர்களுக்கு அத்தகைய ஏடு எதுவும் இல்லை. காட்டைக் காக்க உதவியிருக்கக்கூடிய அறிவு, காட்டை வெறுமையாக்கவே கூலிக்கு அமர்த்தப்பட்டது. வனசீவராசிகளைக் காக்கும் கட்டளைச்சட்டம் 1937இல் வந்தபோது, அந்த 3,500 யானைகள் வீழ்ந்து ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழிந்திருந்தன.