வாக்கர் போட்ட கணக்கும் கடல் சொன்ன விடையும்

பி.காம். படிக்கிறவனுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள் நண்பர்களே! எங்கள் புள்ளியியல் பேப்பரில் வரும் கோரிலேஷன் கணக்குதான் என்னை அங்கே இழுத்துப் போனது.

1876-ல் மழை பொய்த்து, சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். 1899-ல் மறுபடியும் பருவமழை ஏமாற்ற, இந்தியாவில் இன்னொரு பெரும் பஞ்சம். மழை வருமா வராதா என்று முன்கூட்டியே சொல்ல முடியாதா? அன்றைக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

1904-ல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்தார் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர், வானிலை படித்தவர் இல்லை. பல நாடுகளின் காற்றழுத்தப் பதிவுகளைத் திரட்டி, குமாஸ்தாக்களை உட்கார வைத்து கோரிலேஷன் போட்டார். தராசுத் தட்டு மாதிரி ஒன்று தெரிந்தது. பசிபிக் பக்கம் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது. அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது. 'தெற்கு அலைவு' என்று பெயர் வைத்தார். ஆனால் ஏன் அப்படி? அவரால் சொல்ல முடியவில்லை. 1958-ல் காலமாகிவிட்டார்.

விடை கடலின் சூட்டில் இருந்தது. 1969-ல் அதை விளக்கியவர் ஜேக்கப் பியர்க்னெஸ். வழக்கமாக இந்தோனேசியா பக்கம் கடல் சூடாக இருக்கும். அங்கே காற்று மேலே எழுந்து மழை கொட்டும். எழுந்த காற்று உயரத்தில் கிழக்கே போய், பெரு நாட்டுக் குளிர்ந்த கடல் பக்கம் இறங்கி, கடல்மட்டத்தில் மேற்கே திரும்பும். எல் நினோ ஆண்டில் கிழக்குக் கடல் சூடேறுகிறது. காற்று எழும் இடமும் கிழக்கே நகர்ந்துவிடுகிறது. நம் பக்கம் காற்று இறங்கினால் மேகம் எப்படித் திரளும்? இந்தச் சுழற்சிக்கு வாக்கர் பெயரையே வைத்தார் பியர்க்னெஸ்!

ஆனாலும் கணக்கு எப்போதும் பலிக்காது. 1997-ல் எல் நினோ மிகக் கடுமை. இந்தியாவில் பருவமழையோ சராசரி அளவுக்குப் பெய்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1877-ல் பசிபிக்கில் எல் நினோ இருந்தது உண்மை. பஞ்சத்தின் நடுவிலும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறியதும் உண்மை. மழையைத் தடுத்ததில் கடலுக்குப் பங்கு உண்டு. தானியத்தை ஏற்றுமதி செய்தது கடலா? கோரிலேஷன் வேறு, காரணம் வேறு. வகுப்பில் புரியாதது எனக்கு இங்கேதான் புரிந்தது.