எல்லை மலைகளின் இலத்தீன்: இலக்கணத்திலிருந்து வாசிப்புக்கு

இலத்தீன் இலக்கணத்தை முறையாகக் கற்றவர்கூட மூல நூல் ஒன்றைத் திறந்ததும் திணறிப்போவது வழக்கம். வாய்பாடு மனப்பாடமாக இருக்கும். வரி மட்டும் பிடிபடாது. மேலும் இலக்கணம் படிப்பது, அல்லது அகராதியோடு சீசரிடம் போவது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் தீர்வு. மறையூர், வட்டவடை, கொழிஞ்சாம்பாறை போன்ற கேரள எல்லைப்புற ஊர்களின் தமிழ் மாணவருக்கு இதைவிட நேரான வழி ஒன்று உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்: தம் மலைச் செடிகொடிகளை விவரிக்கும் இலத்தீன்.

அது அரிய சரக்கன்று. 1935 தொடக்கம் முதல் 2011 முடிய, புதிய தாவர இனம் ஒன்றின் பெயர் செல்லுபடியாக வேண்டுமானால் இலத்தீன் விளக்கம் கட்டாயம். 2012 முதல்தான் ஆங்கிலமும் போதும் என்றாயிற்று. மூணாறு மலைகளில் பூக்கும் நீலக்குறிஞ்சியும் 1832இல் நெஸ் என்ற தாவரவியலாளர் வழியாக இலத்தீனுக்குள் நுழைந்த செடிதான்.

அவ்விளக்கங்களின் நடையில் அமைந்த ஒரு தொடரைப் பார்ப்போம்: ‘அப் இல்லா ஃபோலியீஸ் மினோரிபுஸ் டிஃபெர்ட்.’ ‘அதனின் சிறிய இலைகளால் வேறுபடும்’ என்பது பொருள். ‘ஃபோலியீஸ்’ என்ற வடிவத்துக்கு வாய்பாடு இரண்டு விடை தரும்: ‘இலைகளுக்கு’ என்றும் கொள்ளலாம், ‘இலைகளால்’ என்றும் கொள்ளலாம். போதாக்குறைக்கு, ‘அதனின்’ என்பதற்கும் ‘இலைகளால்’ என்பதற்கும் இலத்தீனில் வேற்றுமை ஒன்றே. நன்னூல் படித்தவர் இங்கே கலங்க வேண்டியதில்லை. மூன்றாம் வேற்றுமையின் கருவிப் பொருளும் உடனிகழ்ச்சிப் பொருளும், ஐந்தாம் வேற்றுமையின் நீங்கல் பொருளும் அந்த ஒரே வேற்றுமைக்குள் அடங்கியிருக்கின்றன என்று அவர் எளிதில் கண்டுகொள்வார். எந்த இடத்தில் எது என்பதை மட்டும் வாய்பாடு சொல்லாது. இரண்டு செடிகளின் இலைகளையும் கையில் வைத்திருப்பவருக்கு அது ஐயமற விளங்கும்.

பொருள் முன்பே தெரிந்திருந்தால் மாணவர் வாசிப்பதில்லை, ஊகிக்கிறார் என்ற மறுப்பு எழலாம். வலுவான மறுப்புதான். ஆனால் ஊகத்தை ஈறு மறுக்கும் இடத்தில் மாணவர் நின்று திரும்பப் படிக்கிறார். ஊகமே இல்லாதவருக்கு அந்த நிறுத்தமும் வாய்ப்பதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962–65) முன் குருமடங்களில் பயின்றவர்களும், நாள்தோறும் சொல்லிப் பழகிய செபங்களின் துணையோடுதான் இலத்தீனை நெருங்கினர்.

இந்த வழிக்கு உண்மையான குறை வேறு. தாவர விளக்கத்தில் வினைமுற்று அரிது. பெயரும் அடையும் அடுக்கிக்கொண்டே போகும். அதையே படித்தவர் தொடர் உரைநடையில் மறுபடி இடறுவார். ஆகவே இரண்டாம் படியாக ‘ஹோர்த்தூஸ் மலபாரிகூஸ்’ வேண்டும். மலபாரின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடின் முயற்சியால் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த நூல் அது. 742 தாவரங்களைப் பேசுகிறது. இட்டி அச்சுதன் என்ற வைத்தியரும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் ஆகிய கொங்கணி அறிஞர்களும் தந்த செய்திகள் போர்த்துகீசியம், டச்சு வழியாக இலத்தீனை அடைந்தன. இத்தனை கை மாறிய உரையில் வாக்கியம் குழம்பும்போது செடியை அறிந்தவரே அதை நேராக்க முடியும்.

அந்நூலை முழுமையாக ஆங்கிலத்தில் தந்த கா. சு. மணிலால் ஒரு தாவரவியலாளர் என்பது இங்கே கருதத்தக்கது. பாலக்காட்டு அமைதிப் பள்ளத்தாக்கின் தாவரங்களை 1988இல் நூலாக்கியவர் அவர். கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் அவரது மொழிபெயர்ப்பை வெளியிட்டது. ஆயினும் மொழிபெயர்ப்பு கையில் இருக்கையில் மாணவர் மூலத்தைத் தொடாமலே போய்விடக்கூடும். இடுக்கி, பாலக்காட்டுச் செடிகளைப் பற்றிய பகுதிகளைத் தெரிந்தெடுத்து, மூலமும் பதவுரையும் பொழிப்புரையுமாக ஒரு தமிழ்ப் பாடநூல் வர வேண்டும். சங்கப் பாட்டைக் கொண்டுகூட்டிப் பொருள் காணப் பழகிய மாணவருக்கு, சொற்கள் தள்ளித் தள்ளி நிற்கும் இலத்தீன் வாக்கியத்தையும் அதே முறையில் கற்பிக்கலாம். அதற்குத் தமிழாசிரியரும் தாவரவியல் ஆசிரியரும் ஒரே வகுப்பில் சேர்ந்து நிற்க வேண்டியிருக்கும்.