பட்டவராயனுக்கு ஏன் செருப்புக் காணிக்கை?



எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் வாள் சுழற்றின வேகத்தில், இங்கே கேமரா பிடிக்கிற தம்பி ரெண்டு அடி பின்னால் போய்விட்டார். (சிரிப்பு) "வீரக் கதை என்றால் வீரம்தான்யா, அதிலே போய் என்ன நியாயம் தேடறீங்க, நியாயம் வேணும்னா கோர்ட்டுக்குப் போங்க" என்று கேட்டார். நல்ல கேள்வி. கோர்ட்டுக்குப் போக முடியாத காலத்தில், கோர்ட்டுக்குள்ளேயே நுழைய முடியாத ஜனங்கள், தங்கள் வழக்கை எங்கே கொண்டுபோய்ப் பதிவு செய்தார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா? கதைப்பாடலில் பதிவு செய்தார்கள் ஐயா! உடுக்கையடித்து, வில்லடித்து, விடிய விடியப் பாடிப் பதிவு செய்தார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். நம்முடைய கதைப்பாடல்களின் நாயகர்கள் யார் யார்? செஞ்சி தேசிங்குராஜன். 1714-இல் ஆற்காட்டு நவாபுடைய படையோடு மோதிப் போர்க்களத்தில் விழுந்தவன். கான்சாகிபு என்கிற மருதநாயகம். 1764-இல் கூட இருந்தவர்களாலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டு, மதுரையில் தூக்கிலே தொங்கினவர். கட்டபொம்மன். 1799 அக்டோபர் 16, கயத்தாற்றில் தூக்கு. மதுரை வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். காத்தவராயன் கழுவிலே ஏறினவன். முத்துப்பட்டன் முதுகிலே குத்துப்பட்டவன்.

இவர்களில் ஜெயித்தவன் யார்? ஒருத்தன் சொல்லுங்கள் பார்ப்போம்.

வெறும் வீரத்தைத்தான் ஜனங்கள் கொண்டாடினார்கள் என்றால், ஜெயித்தவனுக்கு அல்லவா பாட்டுக் கட்டியிருக்க வேண்டும்? கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட மேஜர் பானர்மேனுக்கு எந்த ஊர்க் கொடையில் வில்லடிக்கிறார்கள்? எந்தத் தாய் தன் பிள்ளைக்குப் பானர்மேன் என்று பெயர் வைத்தாள்? (கைதட்டல்) தோற்றவனுக்குப் பாட்டுக் கட்டுகிறவன் வீரத்தை அளந்துகொண்டு இருக்கவில்லை. "இவனுக்கு நடந்தது அநியாயம்" என்று தீர்ப்பு எழுதுகிறான். அரசன் ஒரு தீர்ப்புச் சொன்னான், ஜனங்கள் அதற்கு மேல் ஒரு அப்பீல் போட்டார்கள். அந்த அப்பீலுக்குத்தான் கதைப்பாடல் என்று பெயர்.

எதிரணியில் பேசிய அம்மையார் ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக ஒன்று கேட்டார். "பேராசிரியரே, இதெல்லாம் நீங்க பட்டம் வாங்கின பிறகு கண்டுபிடிச்ச அர்த்தம். பாடினவனுக்கும் கேட்டவனுக்கும் இது தெரியுமா?" என்றார். தெரியும் அம்மா. நல்லாவே தெரியும். அதற்கு என்னிடம் சாட்சி இருக்கிறது.

திருநெல்வேலிச் சீமையில், பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றுக் காட்டுக்குள் சொரிமுத்தையனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு ஜனம் அலைமோதும். அங்கே பட்டவராயன் சந்நிதிக்குப் போனால் வேறு எங்கேயும் எளிதில் பார்க்க முடியாத ஒன்றைப் பார்க்கலாம். செருப்பு! காணிக்கையாகச் செருப்பு! கோயில் என்றால் செருப்பை வாசலில் கழற்றுகிறோம். அங்கே செருப்பைக் கொண்டுபோய்ச் சாமிக்கே கொடுக்கிறார்கள். அடுத்த வருஷம் வந்து பார்த்தால் அந்தச் செருப்பு தேய்ந்திருக்கும், சாமி போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வந்திருக்கிறார் என்று பக்தர்கள் சொல்வார்கள்.

சாமிக்கு ஏன் செருப்பு? அங்கேதான் கதை இருக்கிறது.

முத்துப்பட்டன் ஒரு பிராமண இளைஞன். அண்ணன்மாரோடு மனத்தாங்கல், வீட்டை விட்டுப் போய்விட்டான். பிறகு அவர்களே வந்து சமாதானம் சொல்லி அழைத்துக்கொண்டு வருகிற வழியில், காட்டிலே ரெண்டு பெண்கள் பாடுகிற குரல் கேட்கிறது. பொம்மக்கா, திம்மக்கா. செருப்புத் தைத்து, மாடு காத்துப் பிழைக்கிற வாலப் பகடையின் மக்கள். கட்டினால் இவர்களைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறான். அண்ணன்மார் கல் அறையில் பிடித்து அடைக்கிறார்கள். அதையும் மீறி வெளியே வருகிறான்.

வாலப் பகடையிடம் போய்ப் பெண் கேட்கிறான். அந்தத் தகப்பன் ஆரம்பத்தில் நம்பவில்லை. எப்படி நம்புவான்? மேலே இருக்கிறவன் ஆசை காட்டிவிட்டுப் போகிற கதை அவனுக்குத் தெரியாதா? அதனால் ஒரு நிபந்தனை போடுகிறான். நடுவர் அவர்களே, நம் ஊரில் மாப்பிள்ளை வீட்டார்தான் நிபந்தனை போடுவார்கள். நகை எத்தனை பவுன், வண்டி என்ன வண்டி! இங்கே பெண்ணைப் பெற்றவன் போடுகிறான். பொன் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை. "குடுமியை எடு, பூணூலை எடு, எங்களோடு உட்கார்ந்து செருப்புத் தை, அதைச் சந்தையிலே கொண்டுபோய் விற்றுக் காட்டு. பிறகு பேசலாம்" என்கிறான். (கைதட்டல்)

என்ன பரீட்சை பாருங்கள்! "என் மகள் வேண்டும் என்றால் என் மகளை மட்டும் எடுத்துக்கொண்டு போக முடியாது; என் தொழிலையும் நீ தொட வேண்டும்; ஊரார் பார்க்கத் தொட வேண்டும்" என்கிறான். முத்துப்பட்டன் செய்தான். உட்கார்ந்து தைத்தான், சந்தையில் விற்றான், கல்யாணம் கட்டினான். மாமனாருடைய மாடுகளைக் கள்ளர்கள் ஓட்டிக்கொண்டு போனபோது மீட்கப் போனான். சண்டையில் ஜெயித்தான். ஜெயித்துவிட்டுத் தண்ணீரில் இரத்தத்தைக் கழுவும்போது, மறைந்திருந்த ஒருத்தன் பின்னாலிருந்து குத்திச் சாய்த்தான். ரெண்டு பெண்களும் அவனோடு தீயிலே இறங்கினார்கள்.

ஆநிரை மீட்டுச் செத்தவனுக்குக் கல் நாட்டிக் கும்பிடுவது இந்த மண்ணில் புதுசு இல்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகல்லில், தமிழ் பிராமி எழுத்தில் "ஆகோள்" என்ற சொல்லே இருக்கிறது. ஆகோள் என்றால் மாடு கவர்தல். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய கல் அது. வெட்சி, கரந்தை என்று இலக்கணத்தில் படிக்கிறோமே, அதுதான். ஆக, மாடு மீட்டதற்காக மட்டும் முத்துப்பட்டனைக் கும்பிட்டிருந்தால் காணிக்கையாக வாளைக் கொடுத்திருக்க வேண்டும், வேலைக் கொடுத்திருக்க வேண்டும். ஜனங்கள் எதைக் கொடுக்கிறார்கள்? செருப்பைக் கொடுக்கிறார்கள்! அவன் கையில் வாள் பிடித்ததை விட, அந்தக் கையால் செருப்பைத் தைத்ததுதான் பெரிசு என்று ஜனங்கள் முடிவு பண்ணிவிட்டார்கள். (கைதட்டல்)

இப்போது அம்மையார் கேட்ட சாட்சிக்கு வருகிறேன்.

இந்தக் கதைக்குப் பின்னாளில் ஒரு வால் முளைத்தது. இல்லை, தலை முளைத்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் முன்னாலே கொண்டுபோய் ஒட்டினார்கள். அது என்ன? "பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பகடை பெற்ற பெண்கள் இல்லை. அவர்கள் பிராமணக் குழந்தைகள். காட்டிலே விடப்பட்டவர்கள். பகடை எடுத்து வளர்த்தான், அவ்வளவுதான்" என்று ஒரு பிறப்புக் கதை. பேராசிரியர் நா. வானமாமலை 1971-இல் முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்தபோது, இது பின்னால் செருகப்பட்டது என்பதை எடுத்துக்காட்டினார்.

மதுரை வீரன் கதையிலும் இதே வேலைதான். செருப்புத் தைக்கிற குடும்பத்துப் பிள்ளை, பாளையக்காரன் மகள் பொம்மியை விரும்புகிறான். உடனே என்ன சொல்கிறார்கள்? "அவன் காசி ராஜாவின் பிள்ளை. கொடி சுற்றிப் பிறந்தான், நாட்டுக்கு ஆகாது என்று காட்டிலே விட்டுவிட்டார்கள்." 1956-இல் வந்த சினிமாவிலும் அதே காசி ராஜாதான். காத்தவராயன்? ஆரியமாலையை விரும்பிக் கழுவேறினவன். அவனுக்கும் தேவலோகத்துப் பிறப்பு.

ஒரு கதையில் இப்படி வந்தால் தற்செயல். மூன்று கதையிலும், சாதி தாண்டிக் கல்யாணம் வருகிற அதே இடத்தில், அதே மாதிரி ஒரு பிறப்பு ரகசியம் வந்தால் அதற்குப் பெயர் என்ன? சரித்திரம் படித்தவன் சந்தேகப்படாமல் இருக்க முடியுமா? மதுரை வீரன் கதை திருச்சியில் விசயரங்க சொக்கநாதனையும் மதுரையில் திருமலை நாயக்கரையும் ஒரே சமயத்தில் உட்கார வைக்கிறது. திருமலை நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. விசயரங்கர் பட்டத்துக்கு வந்ததே 1706-இல். நாற்பத்தேழு வருஷம் இடைவெளி! அந்தத் தப்பு யாரையும் உறுத்தவில்லை. யாரும் திருத்தவில்லை. காலத்தைத் திருத்தாதவர்கள் பிறப்பை மட்டும் திருத்தினார்கள்!

இதுதான் அம்மா என் சாட்சி. புரியாத கதையை யாரும் திருத்த மாட்டார்கள். "கீழே பிறந்தவளை மேலே பிறந்தவன் கட்டலாம், அவன் குடுமியைத் துறந்து அவள் தொழிலைச் செய்யலாம்" என்று இந்தக் கதை சொல்கிறது என்பது கேட்டவனுக்குப் பளிச்சென்று புரிந்தது. பயந்துபோனான். அதனால்தான் திருத்தினான். கதையிலே அரசியல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டியதே இல்லை. எந்த இடத்தில் திருத்தியிருக்கிறான் என்று பாருங்கள், அங்கேதான் இருக்கிறது. (நீண்ட கைதட்டல்)

நான் அடுத்தவரைக் குற்றம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. என் வீட்டுக் கதையையும் சொல்கிறேன்.

பொதிகை மலை அடிவாரத்து ஊர்க்காரன் நான். 1970-களின் கடைசி, எனக்குப் பத்து வயசு இருக்கும். எங்கள் தெருக் கோயில் கொடையில் ஒரு அண்ணாவி முத்துப்பட்டன் கதை பாடினார். அந்த ரெண்டு பெண்களும் பிராமணக் குழந்தைகள் என்று பாடினார். பெரியவர்கள் தலையாட்டினார்கள். அடுத்த வாரம், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவிலே கொடை. அதே அண்ணாவி, அதே வில்லு, அதே கதை. வீட்டுக்குத் தெரியாமல் போய்க் கேட்டேன். அங்கே அந்தப் பிறப்புக் கதையே இல்லை! பகடை பெற்ற மக்கள் என்று நேராகப் பாடினார். எனக்குத் தலை சுற்றியது. விடிகாலையில் வில்லை அவிழ்த்துக்கொண்டிருந்தவரிடம் போய், "அண்ணாவி, எது நிசம்?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எந்தத் தெருப் பையன் என்று அவருக்குத் தெரியும். "தம்பி, உங்க தெருவுல பாடினது கூலிக்கு. இந்தத் தெருவுல பாடினது கதைக்கு" என்றார்.

அந்தக் கூலி எங்கிருந்து வந்தது? கொடைக்கு வீட்டுக்கு வீடு வரி போட்டார்கள். என் அப்பாவும் கொடுத்திருந்தார். அந்தத் திருத்தத்துக்குக் கூலி கொடுத்தவர்களில் என் அப்பாவும் ஒருத்தர், நடுவர் அவர்களே. இத்தனை மேடை ஏறிவிட்டேன், டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டேன். அந்த அண்ணாவி சொன்ன ஒரு வரிக்கு மேல் கதைப்பாடலைப் பற்றி எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்தக் கதைகளிலே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ரெண்டு பெண்களைத் தீயிலே இறக்கிவிட்டுத்தான் கதை முடிகிறது. அது எனக்கு வலிக்கிறது. பிறப்பைத் திருத்தத் தெரிந்தவர்களுக்கு அந்தத் தீயைத் திருத்தத் தோன்றவில்லையே! எதைத் திருத்தினோம், எதைத் திருத்தாமல் விட்டோம் என்பதிலும் நம்முடைய நியாயத்தின் லட்சணம் தெரிகிறது.

மணி அடித்துவிட்டார்கள். முடிக்கிறேன்.

மதுரைக்குப் போகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். திருமலை நாயக்கர் மகாலுக்குப் போங்கள். எவ்வளவு பெரிய தூண்! டிக்கெட் வாங்கி, அண்ணாந்து பார்த்துவிட்டு வெளியே வருவீர்கள். யாரும் அங்கே சூடம் ஏற்றுவதில்லை. அப்புறம் மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு வாசல் பக்கம் வாருங்கள். கதையிலே எந்த ராஜா கையையும் காலையும் வாங்கினானோ, அந்த ராஜாவின் ஊரிலேயே, பெரிய கோயில் வாசலிலேயே மதுரை வீரன் நிற்கிறான். அவனுக்குச் சூடம் எரிகிறது. வெட்டச் சொன்னவன் காட்சிப் பொருள் ஆனான். வெட்டுப்பட்டவன் சாமி ஆனான். இதுதான் ஜனங்கள் எழுதின தீர்ப்பு.

இன்றைக்கும் சாதி மாறிக் கல்யாணம் பண்ணின பிள்ளைகளை வெட்டிப் போட்ட செய்தியைக் காலையில் காப்பி குடித்துக்கொண்டே படிக்கிறோம். வெட்டுகிறவனும் ஆடி அமாவாசைக்குக் காரையாறு போகிறவனாக இருக்கலாம். பட்டவராயனுக்குச் செருப்புக் கொடுத்துவிட்டு வருகிறவனாகவும் இருக்கலாம். அவனிடம் யாராவது கேட்க வேண்டாமா, "ஐயா, நீ கும்பிட்ட சாமி எதற்காகச் செத்துச் சாமி ஆனான் என்று உனக்குத் தெரியுமா?" என்று. அதைக் கேட்கிற வேலையைத்தான் அந்தச் செருப்பு வருஷா வருஷம் செய்துகொண்டிருக்கிறது. வாளைப் பார்த்தவர்கள் எதிரணியில் இருக்கிறார்கள். நான் செருப்பைப் பார்த்தேன். இனித் தீர்ப்பு உங்கள் கையில்.

(கைதட்டல்)